பதினாறா, இருபத்தெட்டா, நானூற்றுப் பத்தா? இரண்டாவது துப்பாக்கி வாங்குமுன்

ஆகஸ்ட் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். செப்டம்பர் முதல் தேதி டெக்சஸின் பெரும்பகுதியில் புறா வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்குள் யாராவது தொலைபேசியில் அழைத்து, "12 கேஜ் ஒன்று வைத்திருக்கிறேன் அண்ணா, இன்னொன்று வாங்க ஆசை. எல்லோரும் வைத்திருப்பது வேண்டாம், வேறு ஏதாவது சொல்லுங்கள்" என்பார். இந்த ஆண்டு மூன்று பேர். மினசோட்டாவில் கிரவுஸ் பறவை தேடிக் காட்டில் நடக்கும் ஒருவர்; ஹூஸ்டனில் ஞாயிறுதோறும் ஸ்கீட் (வானில் வீசும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டு) சுடுபவர், பன்னிரண்டு வயது மகளுக்கும் துப்பாக்கி பார்க்கிறார்; ஒஹாயோவில் பழைய ஜெர்மன் இரட்டைக்குழல் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, பிறகு யோசிக்கத் தொடங்கியவர். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இந்த எண்கள்

ஊரில் பெரியவர்கள் "பன்னிரண்டு போர்" என்பது இங்கே 12 கேஜ். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாகப் பிரித்தால், அவற்றில் ஒன்று நுழையும் அளவுள்ள குழல் 12 கேஜ். இருபதாகப் பிரித்தால் உருண்டை சிறுக்கும், அதனால் 20 கேஜ் ஒல்லி. எண் ஏற ஏறக் குழல் இளைக்கும். .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன உள்விட்டம். கேஜ் கணக்கில் பார்த்தால் 67 அளவில் வரும்.

பதினாறில் ஒரு அழகு உண்டு. பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ் என்பதால், அதன் உருண்டை சரியாக ஒரு அவுன்ஸ். அந்தக் குழலுக்கு வழக்கமான ரவைச் சுமையும், அதாவது ஒரு தோட்டாவில் அடைக்கும் சிறு குண்டுகளின் மொத்த எடையும், ஒரு அவுன்ஸ்தான். இதை வைத்து 16 கேஜ் பிரியர்கள் ஒரு மதமே நடத்துகிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு. எத்தனை ரவை போகிறது. துப்பாக்கியின் எடை என்ன. தோட்டா எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது. ஈயம் தடை செய்யப்பட்ட இடத்தில் அந்தக் கேஜ் பிழைக்குமா.

முதல் இரண்டில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஒலிம்பிக்கில் தட்டு சுடும் ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் ஒரு தோட்டாவில் 24 கிராம் ரவைதான். பாரிஸ் 2024இல் ட்ராப் சுட்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானுக்கும் அதே 24 கிராம். அது 20 கேஜ் தோட்டாவின் வழக்கமான சுமை. ஆனால் அந்த மேடைகளில் 12 கேஜைத்தான் பார்க்க முடியும், எடை எட்டுப் பவுண்டை ஒட்டி இருக்கும். சிறிய சுமையைப் பெரிய குழலில் போட்டுச் சுடுகிறார்கள். அது நன்றாகவே சுடுகிறது. ஆகவே "ரவை குறைவாகப் போதும், அதனால் சின்னக் கேஜ்" என்ற வாதம் நிற்காது. குறைந்த சுமைத் தோட்டாவை 12 கேஜிலேயே வாங்கலாம், மலிவாகவும் வாங்கலாம்.

சின்னக் கேஜில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தத் துப்பாக்கியின் உடம்பை: ஒல்லியான குழல், குழலும் கட்டையும் சேரும் இடத்தில் சிறிய இரும்புக் கூடு, நாள் முழுக்கக் கையில் தூக்கினாலும் வலிக்காத எடை. இந்த உடம்பு கிடைக்காவிட்டால், தோட்டா தேடி அலையும் வேலை மட்டும்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

| கேஜ் | குழல் உள்விட்டம் | வழக்கமான ரவைச் சுமை | தோட்டா | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| 12 | 18.5 மி.மீ. | 1 முதல் 1¼ அவுன்ஸ் | எங்கும், மலிவு | எல்லாவற்றுக்கும் |
| 16 | 16.8 மி.மீ. | 1 முதல் 1⅛ அவுன்ஸ் | தேட வேண்டும் | நடந்து போகும் பறவை வேட்டை |
| 20 | 15.6 மி.மீ. | ⅞ முதல் 1 அவுன்ஸ் | எங்கும் | வேட்டை, பழகுபவர்கள் |
| 28 | 14.0 மி.மீ. | ¾ அவுன்ஸ் | பெரிய கடைகளில், விலை அதிகம் | காடை, கிரவுஸ், ஸ்கீட் |
| .410 | 10.4 மி.மீ. | ½ அவுன்ஸ் | கிடைக்கும், விலை அதிகம் | ஸ்கீட், கை தேர்ந்தவர்கள் |
| 10 | 19.7 மி.மீ. | 1½ அவுன்ஸ் அளவில், எஃகு | அரிது | பெருவாத்து மட்டும் |

20 கேஜைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. அது அரிய கேஜ் இல்லை; மற்றவற்றை ஒப்பிட ஒரு கோடு. எதை வாங்கினாலும், "இது 20இல் முடியாததை என்ன செய்கிறது?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

16 கேஜ்: அழகான பிடிவாதம்

"இருபதைப் போலத் தூக்கலாம், பன்னிரண்டைப் போல அடிக்கும்" என்பது இதன் பழைய விளம்பர வாசகம் மாதிரி எல்லோர் வாயிலும் இருக்கிறது. பாதி உண்மை. 16க்கென்றே சிறியதாகச் செய்த கூடு இருந்தால் முழு உண்மை. பிரவுனிங் நிறுவனம் 2016இல் மீண்டும் கொண்டுவந்த ஏ5 ஸ்வீட் சிக்ஸ்டீன் ஆறு பவுண்டுக்கும் குறைவு. காலையில் எடுத்துக்கொண்டு மாலைவரை புதர்க்காட்டில் நடந்தவருக்கு இந்த எடை புரியும். ஆனால் சந்தையில் உள்ள பல 16கள் 12 கேஜின் கூட்டில் ஒல்லிக் குழலைப் பொருத்தியவை. தராசில் வைத்தால் ஏழே கால், ஏழரைப் பவுண்டு. அதை வாங்குவதற்குப் பதில் 12 கேஜிலேயே ஒரு அவுன்ஸ் தோட்டா போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 16 ஏன் ஒதுங்கியது என்று தெரிந்தால் அதன் மறைமுகச் செலவும் தெரியும். 1920களில் மாசசூசெட்ஸில் பிறந்த ஸ்கீட் விளையாட்டு, பிறகு 12, 20, 28, .410 என்ற நான்கு வகைகளில் போட்டி அமைத்துக்கொண்டது. பதினாறுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெட்டி பெட்டியாகத் தோட்டா தீர்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் வாங்காத கேஜை ஆலை ஏன் நிறுத்தாமல் செய்யும்? 1950களில் 3 அங்குல 20 கேஜ் தோட்டா வந்து 16இன் வேலையைப் பறித்தது. 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடை. எஃகு ரவைத் தோட்டாக்களை ஆலைகள் 12க்கும் 20க்கும் விதவிதமாகச் செய்தன. 16க்குச் சில வகைகளோடு நிறுத்திக்கொண்டன.

நானே பட்டது ஒன்று. ஒரு அக்டோபரில் தெற்கு டகோட்டாவுக்கு ஃபெசன்ட் வேட்டைக்குப் போனேன். துப்பாக்கி வந்தது, தோட்டா வைத்த பெட்டி விமானத்தில் வரவில்லை. அந்த ஊரில் கடைகள் மூன்று. முதலிரண்டில் 12, 20 மட்டும் கூரைவரை அடுக்கியிருந்தன. மூன்றாவதில் ஒரு முதியவர் மேசைக்கு அடியில் குனிந்து தேடி, ஓரம் பழுத்த ஒரே ஒரு 16 கேஜ் பெட்டியை எடுத்து, தூசியை ஊதிவிட்டு வைத்தார். எட்டாம் எண் ரவை; ரவையிலும் எண் ஏற ஏறக் குண்டு சிறுக்கும். புறாவுக்குச் சரி, ஃபெசன்ட் சேவலின் தடித்த இறகுக்கு முன் அது அரிசி தூவியது போலத்தான். இரண்டு நாளும் நண்பரின் மாற்று 20 கேஜை இரவல் வாங்கிச் சுட்டேன். அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பதினாறு நலமா?" என்று இன்றும் விசாரிக்கிறார்.

இதனால் 16 வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் இன்னும் அதை விற்கவில்லை. பருவம் தொடங்கும் முன்பே நான்கைந்து பெட்டி வாங்கி அடுக்கிவைப்பவர், காரில் போய் வரும் தூரத்தில் வேட்டையாடுபவர், ஆண்டுக்கு இருநூறு தோட்டாவுக்கு மேல் சுடாதவர் என்றால் தாராளமாக வாங்கலாம். தட்டு சுடவும் இதே துப்பாக்கி வேண்டும் என்றால் வேண்டாம்.

பழைய 16 வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐரோப்பியப் பழைய துப்பாக்கிகள் பலவற்றிலும், சில பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளிலும், தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா, வாய் விரிந்தபின், 70. நுழைத்தால் நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. தோட்டாவின் மூடிய வாய் சுடும்போதுதான் விரிகிறது, விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

28 கேஜ்: புகழ் பாதி, உண்மை பாதி

இதைக் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். உண்மையான 28 கூட்டில் செய்த இரட்டைக்குழல் ஐந்தரை முதல் ஆறு பவுண்டு. ஜார்ஜியாவில் நாய் காடையைக் காட்டி உறைந்து நிற்கும்போது, நான்கடி முன்னே பொட்டென்று கூட்டமாக எழும்பும் அந்த நொடியில் இது தோளுக்கு வரும் வேகம் தனி. உதை மெல்லியது, சத்தமும் குறைவு.

"28 தன் அளவுக்கு மீறி அடிக்கும்" என்பார்கள். முக்கால் அவுன்ஸ் ரவை குழலுக்குள் நீளமும் அகலமும் சமமாக அமர்கிறது, அதனால் பரவல் மாயம்போல ஒழுங்காக இருக்கிறது என்பது விளக்கம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முக்கால் அவுன்ஸ் எந்தக் குழலிலிருந்து போனாலும் முக்கால் அவுன்ஸ்தான். ஆறாம் எண் ஈய ரவை அவுன்ஸுக்கு 225 அளவில் இருக்கும், முக்காலில் 169. மாயம் எங்கே என்றால், 28 வைத்திருப்பவர் முப்பது கஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை. அவருக்குத் தன் துப்பாக்கியின் எல்லை தெரியும். 12 வைத்திருப்பவர் ஐம்பது கஜத்தில் போகும் பறவைக்கும் விசையை அழுத்திவிட்டு, பிறகு தோட்டாவைத் திட்டுகிறார்.

மறைமுகச் செலவு தோட்டாதான். சாதாரண 12 கேஜ் பயிற்சித் தோட்டாவின் ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்குகூட ஆகும். வாரம் நூறு சுடுபவர் இரண்டு ஆண்டில் இன்னொரு துப்பாக்கியின் விலையைத் தோட்டாவில் கொட்டியிருப்பார். அதனால்தான் 28 சுடுபவர்கள் வீட்டுக் கொட்டகையில் தோட்டா நிரப்பும் கருவி ஒன்று இருக்கும். அதில் உட்கார்ந்து வேலை செய்யப் பிடிக்கும் என்றால் செலவு குறையும்; பிடிக்காது என்றால் கருவியும் செலவோடு செலவு.

இன்னொன்று, 20 கேஜின் கூட்டில் 28 குழலைப் பொருத்தி விற்பவையும் உண்டு. 16இல் சொன்னது இங்கும் பொருந்தும். இப்போது 3 அங்குல 28 தோட்டாவும் வந்திருக்கிறது, ஒரு அவுன்ஸ் ரவையுடன். அதே வேகத்தில் போகும் ஒரு அவுன்ஸை எட்டுப் பவுண்டுத் துப்பாக்கியிலிருந்து ஆறு பவுண்டுத் துப்பாக்கிக்கு மாற்றினால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு ஏறும். மெல்லிய உதைக்காக 28 வாங்கி, அதில் இதைப் போட்டுச் சுடுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

இலேசான துப்பாக்கிக்கு வேறொரு குணமும் உண்டு. சட்டென்று கிளம்பும், சட்டென்று நின்றும் போகும். குறுக்கே நீளமாகப் பறக்கும் புறாவுக்கு முன்னால் குழலை ஓடவிட்டபடியே சுட வேண்டும். எட்டுப் பவுண்டு தன் கனத்திலேயே ஓடும். ஐந்தரைப் பவுண்டு விசை அழுத்தும் நேரத்தில் கையோடு நின்றுவிடும், ரவை பறவையின் வாலுக்குப் பின்னால் போகும்.

.410: குழந்தைத் துப்பாக்கி என்ற பொய்

சிறியது, உதைக்காது, ஆகவே பிள்ளைக்கு நல்லது. இந்த மூன்றில் முதலாவது மட்டுமே எப்போதும் சரி. ஸ்கீட் தட்டுக்குப் போடும் ஒன்பதாம் எண் ரவை, 12 கேஜின் 1⅛ அவுன்ஸில் ஏறத்தாழ 658. அரை அவுன்ஸ் .410இல் 292. பாதியைவிடக் குறைவு. அதுவும் ஒல்லிக் குழலில் நீளமான தூணாக அடுக்கிப் போவதால் குழல் சுவரில் உரசி நசுங்கும் ரவைகள் அதிகம். நடு அளவுச் சோக்கில் (ரவை அதிகம் பரவாமல் பிடிக்கும் குழல் வாயின் குறுக்கம்) நாற்பது கஜத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் அறுபது சதவீதம் விழும் என்பது பொதுக்கணக்கு. ஆறாம் எண்ணில் ஒரு அவுன்ஸ் என்றால் வட்டத்துக்குள் 135, அரை அவுன்ஸ் என்றால் 67. அந்த வட்டத்தில் இறக்கை விரித்த ஒரு ஃபெசன்டை வரைந்து, 67 புள்ளிகளை இறைத்துப் பாருங்கள். அடிபட்டும் விழாமல் போய்ப் புதரில் சாகும் பறவைக்கு யார் பொறுப்பு?

நண்பரின் மகள் முதல் நாள் மைதானத்துக்கு ஒற்றைக்குழல் .410உடன் வந்தாள். ஐந்து பவுண்டு இருக்கும். மேலே இழுத்துவிடும் சுத்தியல் வைத்தது; அதை இழுக்க அவள் இரண்டு கட்டைவிரல்களையும் பயன்படுத்தினாள், அதற்குள் குழல் தரையைப் பார்த்தது. இருபத்தைந்து தட்டில் ஒன்று உடைந்தது. அடுத்த வாரம் சிறுவர் கட்டை வைத்த 20 கேஜ், தானே தோட்டா ஏற்றும் வகை, மிக இலேசான முக்கால் அவுன்ஸ் தோட்டா. ஒன்பது உடைந்தது. அவள் சிரித்ததைப் பார்த்த பிறகு .410 அலமாரிக்குள் போய்விட்டது.

.410 யாருக்கு என்றால், தட்டை உடைப்பது அலுத்துப்போனவருக்கு. அமெரிக்க ஸ்கீட்டின் நான்கு வகைகளில் மற்ற மூன்றிலும் நூற்றுக்கு நூறு எடுப்பவர்களைப் பிரித்துக் காட்டுவது இதுதான். வேட்டையில் ஒரே ஒரு புதுக்கணக்கு வந்திருக்கிறது: ஈயத்தைவிட மிக அடர்த்தியான டங்ஸ்டன் ரவை. கன செ.மீ.க்கு 18 கிராம். ஈயம் 11 சொச்சம், எஃகு எட்டுக்கும் கீழே. மிகச் சிறிய ரவையே ஆழமாகத் துளைக்கும் என்பதால், அரை அவுன்ஸில்கூட எண்ணிக்கை கூடிவிடுகிறது. உட்கார்ந்து காத்திருந்து வான்கோழி சுடுபவர்கள் .410ஐ இப்போது துணிந்து எடுத்துப்போகிறார்கள். ஒரு பருவத்துக்கு ஐந்து தோட்டா தேவைப்படும் வேட்டை அது. அதனால் அந்த விலை தாங்கும், புறாவுக்குத் தாங்காது.

எஃகு மட்டுமே அனுமதி என்றால் சின்னக் கேஜ்கள் எல்லாமே திணறும். எஃகு இலேசு, ஆகவே இரண்டு அளவு பெரிய ரவை வேண்டும். பெரிய ரவைக்கு இடம் வேண்டும். அந்த இடம் 28இலும் .410இலும் இல்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயம் தடை. அங்கே இருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் விலைக் கணக்குகளை இன்னும் மேலே ஏற்றிப் படிக்கவும்.

10 கேஜ்

வலசைப் பறவைகளுக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் மிகப் பெரியது இது. பத்துப் பவுண்டு அளவில் கனக்கும், தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, ஓரிடத்தில் பதுங்கியிருந்து பெருவாத்து சுடத்தான். 1988இல் 12 கேஜில் மூன்றரை அங்குலத் தோட்டா வந்ததும் இதன் தேவை ஏறக்குறைய தீர்ந்தது. தாத்தா விட்டுப்போனது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தேடாதீர்கள்.

குழலுக்குள் குழல்

ஸ்கீட்டுக்காக மட்டும் 20, 28, .410 வேண்டும் என்றால் மூன்று துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. மேலும் கீழுமாகக் குழல் அமைந்த 12 கேஜுக்குள் முழு நீளத்துக்குச் செருகும் அலுமினியக் குழல்கள் கிடைக்கின்றன. கட்டை அதே, விசை அதே, தோளில் அமரும் இடம் அதே. முன்பக்கம் கனம் கூடும். தட்டு சுடுபவர்களுக்கு அது பெரும்பாலும் பிடிக்கவே செய்கிறது. வேட்டைக்கு இது ஆகாது. சின்னக் கேஜின் ஒரே லாபமான இலேசையே இது அழித்துவிடும்.

இரண்டு கேஜ் வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு விதி. 20 கேஜ் தோட்டா மஞ்சளாக இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. 12 கேஜ் அறையில் 20 தோட்டா தவறிப் போனால் முன்னே வழுக்கிச் சென்று குழலில் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் காலியாகத் தெரியும், மேலே 12 தோட்டாவும் ஏறும். சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை அங்கேதான் இருக்கும். நான் ஒரு நாளைக்கு ஒரு கேஜ்தான் எடுத்துப்போவேன். வீடு திரும்பியதும் மேலங்கியின் பைகளை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன்.

மூவருக்கும் சொன்னது

மினசோட்டாக்காரருக்கு 28. சொந்தக் கூட்டில் செய்தது. கடைக்குப் போகும்போது சமையலறைத் தராசையும் எடுத்துப் போகச் சொன்னேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஆறு பவுண்டுக்கு மேல் காட்டினால் வந்துவிட வேண்டியதுதான்.

ஹூஸ்டன்காரருக்கு உள்குழல்கள், மகளுக்கு 20 கேஜ். .410 ஆசை அவருடையது, மகளுடையது இல்லை என்பதை இரண்டு நிமிடப் பேச்சில் ஒப்புக்கொண்டார்.

ஒஹாயோக்காரர் 16 கேஜ் தோட்டா இரண்டு பெட்டி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். குழலைக் கழற்றி அடியில் இருக்கும் முத்திரைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கழுகு, கிரீடம், வட்டத்துக்குள் 16 எல்லாம் தெரிந்தது. நீளத்தைச் சொல்லும் எண் மட்டும் இல்லை. துப்பாக்கிக் கொல்லரிடம் போய் அறையை அளந்தார். 65. அந்த இரண்டு பெட்டியும் இப்போது என் அலமாரியில் இருக்கின்றன, பாதி விலைக்கு.